றெஜானின் துவக்குக்குப் பூசிய எண்ணெய்

கியூபெக்கில் லாசால் என்ற இடத்தில் கதவும் ஜன்னலும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரவிச்சந்திரன் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். மட்டக்களப்பு, வெல்லாவெளிப் பக்கம். நல்ல வேலைக்காரன். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு நிறுத்தத் தெரியாது. ஒரு படி கூடச் செய்து பேர் எடுக்க வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது.

அங்கே போர்மனாக இருந்தவர் றெஜான், அறுபது தாண்டிய கியூபெக்காரர். மற்ற போர்மன்மார் விரலைச் சொடுக்கி ஆளைக் கூப்பிட்ட காலத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் மேசையில் இருத்திச் சாப்பிட்ட மனிதர். ஒவ்வொரு ஒக்ரோபரிலும் மருமகனோடும் அவனுடைய கூட்டாளிகளோடும் வடக்கே காட்டுக்கு மூஸ் வேட்டைக்குப் போவார். மூஸ் என்பது பேருக்குத்தான் மான், உயரத்தில் எருமையையும் மிஞ்சும். இரவியையும் கூட்டிப்போனார். வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதித் துவக்குக்கான அனுமதி அட்டை எடுக்க வைத்ததும் அவர்தான். அவனுக்கென்று துவக்கு இல்லை. சமைக்கவும் இறைச்சி சுமக்கவும் போனான். அதுவே அவனுக்குப் பெரிய சந்தோஷம். அத்தனை வருடத்தில் ஒரு வெள்ளைக்காரனும் அவனை வீட்டு வாசல் தாண்டி அழைத்ததில்லை.

2006இல் றெஜானுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மருமகன் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டான்.

“இந்த முறை பாப்பம். ஒழுங்காச் சுடாட்டி அடுத்த வருசம் நீங்கள் வீட்டில. நடுங்கிற கையில துவக்கு வச்சிருக்கிற ஆளோட காட்டுக்குள்ள நிக்க எங்களுக்கு ஏலாது.”

நாற்பது வருடம் போன காட்டுக்கு இனிப் போகலாமா இல்லையா என்பது அந்த ஒரு வெடியில் தொங்கியது. றெஜான் தன் தகப்பனின் றைஃபிளை எடுத்துக்கொண்டு இரவியின் வீட்டுக்கு வந்தார்.

“சின்னச் சாமான்களைப் பிடிக்க என்ர விரல் கேக்குதில்லை. நீ கழட்டித் துடைச்சுத் தா. இந்த எண்ணெயில ரெண்டு சொட்டுப் போதும்” என்று ஒரு சின்னப் போத்தலையும் வைத்துவிட்டுப் போனார்.

இரவி குசினி மேசையில் பேப்பர் விரித்தான். கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தான். துணி கறுப்பாக வந்தது. வெள்ளையாக வரும்வரைக்கும் விடவில்லை. பிறகு போல்டைக் கழற்றினான். தோட்டாவை அடைத்துப் பூட்டுகிற உருளை அது. விசையை இழுத்ததும் தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசி அதற்குள்தான் இருக்கிறது. அதுவரைக்கும் எல்லாம் சரி. சின்னப் போத்தலைத் திறந்ததும் மனைவி வசந்தினி மூக்கைப் பொத்தினாள்.

“என்னப்பா இது மண்ணெண்ணெய் நாத்தம்? சமைக்கிற இடத்தில இதைத் திறக்காதீங்க.”

“இது கொஞ்சந்தான் கிடக்கு, காணாது. எங்கட அப்பா பன்றிக்காவல் துவக்குக்குத் தேங்காயெண்ணெய்தான் பூசினவர். ஒரு நாளும் கறள் பிடிச்சதில்ல.”

வெல்லாவெளியில் பனி கொட்டியதா என்று இவன் யோசித்திருக்க வேண்டாமா? அதுவும் வேண்டாம். மாரிக் குளிரில் மகள் கஜந்தியின் தலைக்கு எண்ணெய் வைக்க, உறைந்துபோன போத்தலை வசந்தினி சுடுதண்ணீருக்குள் நட்டு வைப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறவன். கண்ணிருந்தும் குருடன். இரண்டு சொட்டுக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை, ஊசியும் சுருள் கம்பியும் குளிக்கக் குளிக்க ஊற்றிப் பூட்டினான். மினுமினுத்த துவக்கைப் பார்த்து றெஜான் அவன் தோளில் தட்டினார்.

காட்டில் அன்று காலை வாளித் தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. ஏரிக் கரையில் கொம்பன் மூஸ் ஒன்று பக்கம் காட்டி நின்றது. றெஜான் குழலை மரக்கிளையில் ஊன்றினார். கை அசையவேயில்லை. விசையை இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த தோட்டாவை ஏற்றி இழுத்தார். மறுபடியும் அதே சத்தம். மூஸ் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் பற்றைக்குள் போய்விட்டது.

தங்கியிருந்த கொட்டிலுக்குத் திரும்பியதும் றெஜான் கேட்டார். “நான் தந்த எண்ணெய்தானே பூசினனீ?”

எல்லோரும் இரவியைப் பார்த்தார்கள்.

“ஓம்” என்றான்.

றெஜான் துவக்கை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் எடுத்து, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்த்தார். ஊசி ‘டக்’ என்று முழு வேகத்தில் அடித்தது. இன்னொரு தரம் இழுத்தார். அதுவும் ‘டக்’.

“துவக்கில பிழை இல்லை” என்றார். “நான்தான் போல்டை முழுக்கத் திருப்பிப் பூட்டேல்லை. சின்னப் பிள்ளையள் விடுற பிழை.” தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மருமகன் துவக்கை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தான்.

துவக்குச் சாய்ந்திருந்த இடத்தில் பலகையில் எண்ணெய் சொட்டிக் கிடந்ததை இரவி கண்டான். காட்டுக் குளிரில் ஊசியைப் பிடித்துக்கொண்டு உறைந்திருந்தது, அடுப்புச் சூட்டில் உருகி வடிந்தது. அது என்ன வாசம் என்று அந்தக் கொட்டிலில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். குனிந்து சட்டைக் கையால் துடைத்தான்.

ஒரு சொல் போதும். சிரித்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள், நாலு நாளில் மறந்திருப்பார்கள். கிழவர் நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் கெட்டிக்காரன் என்ற பேரை இழக்க இவனுக்கு மனம் வரவில்லை. தன்னைப் பக்கத்தில் இருத்திச் சாப்பிட்ட மனிதன் தன் கையையே நம்பாமல் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அடுத்த ஒக்ரோபரில் றெஜான் போகவில்லை. அந்த இடம் இரவிக்குக் கிடைத்தது. துவக்கையும் அவரே அவன் பேரில் பதிந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னானா? இல்லை. தேங்காயெண்ணெயைத் துடைத்து, றெஜானின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு போனான். முதல் வெடியிலேயே ஒரு மூஸை விழுத்தினான்.

பங்கு இறைச்சியோடு அவர் வீட்டுக்குப் போனபோது றெஜானின் மனைவி செலீன் கதவைத் திறந்தாள்.

“அந்த வேட்டைக்குப் பிறகு காரும் ஓட்டுறேல்லை. சாவியை என்னட்டைத் தந்திட்டார். மரம் அரியிற வாள், சுத்தியல் எல்லாம் ஆருக்கோ குடுத்திட்டார். கை தனக்குத் துரோகம் செய்திடுமாம்” என்றாள். “டொக்டர் இவ்வளவுக்குப் பயப்பட வேண்டாமெண்டுதான் சொன்னவர். கேக்கிறாரில்லை.”

றெஜான் ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். இரவியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“ஒரே வெடியாமே! கேள்விப்பட்டன். இரு, இரு.”

இரவி இருந்தான். எண்ணெய் விசயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தான் என்று பிறகு வசந்தினியிடம் சொன்னானாம். றெஜான் முந்திக்கொண்டார்.

“உனக்கும் ஒரு நாள் கை நடுங்கும். அண்டைக்கு ஆரும் சொல்ல முன்னம் நீயே விட்டிடு. நான் ஒரு வருசம் பிந்திப் போனன். அந்தப் பொடியளுக்கு முன்னால அப்பிடி நிண்டிருக்கத் தேவையில்லை.”

இரவி தலையாட்டினான்.