இரும்பைவிட மலிவான விலை

கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்த ரயில் கோச்சியில் எதிரே இருந்தவர், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காலால் தரையை மிதித்தார். கையெல்லாம் பழைய தீத்தழும்பு. கூச்சத்தோடு காரணம் கேட்டேன்.

"கோச்சிச் சக்கரத்துக்கு இரும்புல பிரேக் கட்டை வார்க்கிற பட்டறை நம்மளோடது தம்பி. பழக்கதோஷம்" என்று சிரித்தார். "இன்னைக்குக் கொழும்புல டெண்டர் கைவிட்டுப் போச்சு. நான் இரும்பு வாங்குற விலைக்கும் கீழ வெளிநாட்டுக் கம்பெனி கட்டையே குடுக்குது."

"அது எப்படிங்க?"

"மிச்சத்த அவங்க அரசாங்கம் போடுதாம்."

ஒரு அரசாங்கமா இவரோடு போட்டிக்கு நிற்கிறது?

மாத்தளை வந்தது. "நீங்க இறங்குங்க தம்பி. அங்க நிக்கிறது நம்ம வேலையாளுங்க. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல."

நான் இறங்கி, பெட்டி காலியான பிறகும் அவர் எழும்பவில்லை. வெளியே அவர்கள் ஒவ்வொரு ஜன்னலாக அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.