கொரியா லத்தி

அண்ணா காய்ச்சலில் செத்தான் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்னை ஒரு மூலைக்கு இழுத்து, குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லு பிள்ளை, ஆர் சுட்டது?" என்று கேட்டார்கள். நுளம்பு என்றேன். ஒரு மாமி, நான் பகிடி விடுகிறேன் என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டா. சண்டைக் காலத்தில் நுளம்பு கடித்துச் சாவது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான். ஷெல்லுக்குத் தப்பினவன், கடலில் நேவி கலைக்கத் தப்பினவன், கொரியாவில் பனியில் வழுக்கி விழுந்தும் எழும்பி வந்தவன். கடைசியில் எங்கள் ஊர் சல்லியில், எங்கள் கிணற்றடியில் எங்கள் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு நுளம்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

கொரியாவில் அவன் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஒப்பந்தம் முடிந்து வரும்போது ஒரு தடித்த குளிர்ச்சட்டை கொண்டுவந்தான். திருகோணமலை வெயிலுக்கு அது எதற்கு? எங்கள் கோழி அதில்தான் அடை கிடந்தது. அதோடு ஒரு கதையும் கொண்டுவந்தான். ஒருநாள் பனி கொட்டி பஸ் வராமல் நின்றபோது, கூட வேலை செய்தவன் ஒருவன் கடதாசிக் கோப்பையில் ஏதோ வாங்கிக் கையில் கொடுத்தானாம். வற்றாளங்கிழங்கை, அதுதான் அந்த இனிப்புக் கிழங்கை, மசித்துப் பாலில் கரைத்துச் சூடாக்கினது. மஞ்சளாக, தடிப்பாக இருந்ததாம். குடித்ததும் விரல்களுக்கு உயிர் வந்ததாம்.

"என்ன பேர் எண்டனி?" என்று அம்மா கேட்டா.

"கொகுமா லாத்தே."

"லத்தியோ?"

"லத்தி இல்லையம்மா, லாத்தே!"

எங்கள் ஊரில் லத்தி என்றால் ஒன்றுதான். யானை போன பாதையில் கிடப்பது. அம்மாவுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அண்ணா எதையாவது பெருமையாகக் கதைக்கத் தொடங்கினால், "இந்தா, கொரியா லத்தி குடிச்சவர் கதைக்கிறார்" என்று அம்மா வாயை அடைப்பா.

ஒருக்கால் செய்து தா என்று நான் அவனை அரியண்டப்படுத்தினேன். "அது குளிருக்குக் குடிக்கிற சாமானடி. இந்த வெயிலுக்குள்ள குடிச்சா விசர் பிடிக்கும். மாரி வரட்டும், சுடச்சுடப் போட்டுத் தாறன்" என்றான். மாரி வந்தது. மழையோடு நுளம்பும் வந்தது. அவ்வளவுதான்.

எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்றைக்குச் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, அறையைப் பூட்டி, அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை வெளியில் இருப்பது எங்கள் வழக்கம். அண்ணாவுக்கு நண்டுக்கறி, சுறா வறை, பிட்டு, கால் போத்தல் சாராயம் என்று மாமா அடுக்கிக்கொண்டே போனார். அம்மாவின் தம்பி அவர். வீட்டில் எந்தக் காரியத்தையும் அவர்தான் சத்தம் போட்டு நடத்துவார்.

"லாத்தேயும் வைக்க வேணும்" என்றேன்.

செத்தவீடு நடந்த நாளிலிருந்து அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயில் கிடந்தா. வெறுந்தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் அவவின் வாயில் போகவில்லை. திரும்பாமலே கேட்டா.

"நீ அதைக் குடிச்சனியோ?"

"இல்லை."

"கண்டனியோ?"

"இல்லை."

"பிறகு என்னத்தையடி போடப்போறாய்?"

"அவன் சொன்னதைப் போடுறன்."

"நடுச் சபையில லத்தியை வச்சு என்ர பிள்ளையை நாறடிக்காத."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். எனக்கு அழுகை ஒழுங்காக வராது. செத்தவீட்டில் ஒப்பாரி வைத்தவர்கள் நடுவில் மரம் மாதிரி நின்றவள் நான். அவனுக்கு நான் கொடுக்கக்கூடியது இந்த ஒரு கோப்பைதான். அதையும் விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும்போது சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். மண் அப்பின வற்றாளங்கிழங்கு பார்வைக்குக் கைக்குண்டு மாதிரித்தான் இருக்கும். ஒன்றை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு, "பத்தல?" என்றான். சிங்களத்தில் அதுதான் பெயர். ஓம் ஓம், பத்தல என்று தலையை ஆட்டினேன். மணந்து பார்த்துவிட்டுத்தான் விட்டான். அவனுக்கும் வீட்டு ஞாபகம் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். நான் நின்று கேட்கவில்லை.

குசினியில் தொடங்கியது உண்மையான கரைச்சல். படையலுக்குச் சமைப்பதை உப்புப் பார்க்கக் கூடாது. முதல் வாய் செத்தவருடையது. வாழ்நாளில் குடிக்காத ஒன்றை, ஒரு சொட்டும் வாயில் படாமல் செய்ய வேண்டும். கிழங்கை அவித்தேன், தோலை உரித்தேன், அகப்பைக் காம்பால் மசித்தேன். கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் எங்களிடம் கிரைண்டர் இல்லை. தேத்தண்ணி வடியில் போட்டு அமத்த அமத்த, அது புழு மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கியது. பால்மாவைக் கரைத்து ஊற்றி, சீனி போட்டு, அடிப்பிடிக்காமல் துழாவினேன்.

நல்ல மஞ்சள் நிறம் வந்தது. அண்ணா சொன்ன அதே மஞ்சள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நிறமெண்டால் இதுதான் நிறம்" என்றார், கொரியாவில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

ஊரடங்கு போட்டுவிடுவான் என்ற பயத்தில் பின்னேரமே படைத்தோம். செத்தவருக்குக் கண் தெரியாது என்று மாமா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் இலையில் வைப்பார்.

"பிட்டு. நண்டு. சுறா வறை. சாராயம், உன்ர பிராண்ட் இல்லை, கிடைச்சது இதுதான், குறை நினையாத. சிகரெட்."

"என்ர பிள்ளை சிகரெட் குடிக்கிறேல்லை" என்றா அம்மா, வெளியில் பாயில் கிடந்தபடியே.

"ஓமக்கா, குடிக்கிறேல்லை" என்று சொல்லிக்கொண்டே மாமா முழுப் பெட்டியையும் வைத்தார்.

பிறகு என் கோப்பையைத் தூக்கினார். வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுப்பதற்குள் அவருக்கு வந்தது அந்தப் பெயர்தான்.

"லத்தி" என்றார் உரத்து. "கொரியா லத்தி. சுடுது, பாத்துக் குடி."

பின்னால் நின்றவர்களில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாவா, சிரிக்கிறாவா என்று தெரியவில்லை. கதவைச் சாத்தினோம்.

திறந்தபோது இலை வைத்தபடியே இருந்தது. படைத்ததை வீணாக்கக் கூடாது என்று பங்கு போடத் தொடங்கினோம். சாராயத்தின் பொறுப்பை மாமா கேட்காமலே ஏற்றார். லாத்தேயை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அவர்தான் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு பக்கம் கோணியது.

"பிள்ளை, இதுக்குள்ள உப்புக் கிடக்கே!"

அப்போதுதான் என் கையின் வேலை எனக்கு விளங்கியது. மரவள்ளி அவிக்கிற பழக்கம். கிழங்கு என்று சட்டியில் போட்டதும் கை தன் பாட்டுக்கு உப்பும் மஞ்சளும் போட்டிருக்கிறது. நான் பெருமைப்பட்ட நிறம் கொரியாவினுடையது இல்லை, மஞ்சள்தூளினுடையது. அண்ணாவுக்குக் கொடுக்கக் கிடைத்த ஒரேயொரு கோப்பை, அதையும் கெடுத்துவிட்டேன். அந்த நேரம்தான் எனக்கு அழுகை வந்தது. நண்டுக்கறிச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மூக்கு வழிய, மானம் மரியாதை இல்லாமல் அழுதேன்.

"ஏனடி குழறுறாய்? கொரியாவிலயும் கடல் கிடக்குத்தானே. தண்ணி உப்பாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

"கொண்டா அதை" என்றா அம்மா.

பாயில் எழும்பி இருந்து, கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினா. ஒரு மிடறு குடித்து நிறுத்தி யோசித்தா. பிறகு இன்னொன்று. மேலுதட்டில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. துடைக்கவில்லை. அடியில் தங்கின கிழங்கை விரலால் வழித்து நக்கினா.

"இதுதானோ அவன் சொன்னது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"ஓமம்மா. இதுதான்."

"இதுக்கோ அவன் அவ்வளவு கதை விட்டவன்?" வெறுங்கோப்பையை என்னிடம் நீட்டினா. "மிச்சம் கிடக்கோ?"

"சட்டியில கிடக்கு. ஆறிப்போச்சு."

"சூடாக்கிக் கொண்டா. சுடச்சுட எண்டுதானே சொன்னவன்."

மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.