கடிந்துகொள்ளாத பெட்டி

பிரதர் அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தித்தான் கொண்டுவருவார், விளிம்பு வரை பாயசம் ஊற்றிய கிண்ணத்தைக் கொண்டுவருகிறவர்போல. தேக்கில் செய்த சின்னப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் நெருக்கமாகச் சுருட்டி அடுக்கிய காகிதச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம். புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு சீட்டு எடுப்பது எங்கள் தமிழ்ச் சபையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். எடுத்ததை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதை வெள்ளிக்கிழமைதோறும் எடுக்க வைத்தவர், வீடு வீடாக ஜெபிக்க வரும் ஊழியக்காரரான இந்தப் பிரதர்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா இறந்துவிட்டார். அக்காவின் கணவர் துபாயில். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அம்மாவையும் சேர்த்து வீட்டில் மூன்று பெண்கள். அக்காவின் முதல் குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தபோது சபைப் போதகர் வந்தார், கர்த்தருடைய சித்தம் என்றார், காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். பிரதர் வந்து வெறுந்தரையில் உட்கார்ந்து எங்களோடு அழுதார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், யாரையும் சட்டென்று மெச்சமாட்டேன். அந்த மனுஷனை எனக்கே பிடித்துப்போனது. பணம் கேட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் தொடங்கியது. பெட்டியும் இங்கேயே தங்கிவிட்டது. அத்தானுக்குக் கடிதம் எழுதவும் சீட்டு, வீடு மாறலாமா என்பதற்கும் சீட்டு. தெருவில் நாலைந்து வீடுகள் அப்படி ஆகின. பெண்கள் கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட யோசித்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும், கூடவே ஒரு பயமும் வரும். பிரதரின் உபதேசம் ரொம்ப எளிமையானது. "கர்த்தர் பேசின பொறவு மனுஷன்ட்ட கேக்கப் போனா, அது அவருக்க மொகத்துல அடிக்கியது மாதிரியாக்கும், சிஸ்டர்" என்பார், சிரித்த முகத்தோடு.

அத்தான் லீவில் வந்து போனபின் அக்கா மறுபடியும் உண்டானாள். எட்டாம் மாதம் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உடனே வந்து படுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஆஸ்பத்திரி என்றாலே அக்காவுக்கு அந்த முதல் குழந்தையின் முகம்தான். பிரதர் பெட்டியை நீட்டினார். கூடாரத்தின் மறைவில் வைத்துக் காப்பேன் என்கிற பொருளில் ஒரு வசனம் வந்தது. வீட்டைவிட்டுப் போக வேண்டாம் என்று கர்த்தரே சொல்லிவிட்டார் என்றார் பிரதர். அம்மா அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னாள். அக்கா கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. அக்காவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. கண்முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். பெட்டியை எடுத்துத் தரச் சொல்லி, "ஆஸ்பத்திரிக்குப் போகட்டா?" என்று தானே கேட்டு ஒரு சீட்டை எடுத்தாள். உனக்கு முன்னே நான் போவேன் என்றது அது. "அன்னைக்கு இருன்னுது, இன்னைக்குப் போன்னுது" என்று பெட்டியை அப்படியே பாயில் கவிழ்த்தாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஆசீர்வாதம், சுகம், சமாதானம், பெருக்கம். தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியக் கத்தின வேதத்திலிருந்து, மிக்சரில் முந்திரியை மட்டும் பொறுக்குவதுபோல் யாரோ பொறுக்கி எடுத்திருந்தார்கள். செய்யாதே என்று ஒரு சீட்டு இல்லை. மனம் திரும்பு என்று ஒரு சீட்டு இல்லை.

"எந்த அப்பன் பிள்ளைய ஏசாம வளத்தான்? நம்ம அப்பா என்ன ஏச்சு ஏசுவாரு! இது தகப்பனுக்க சத்தம் இல்ல, கேட்டியா. நமக்குப் பிடிச்சதச் சொல்லி வீட்டுல எடம் பிடிக்கியவனுக்க சத்தமாக்கும்" என்றாள் அக்கா. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ போய் டாக்சி விளிச்சுட்டு வா."

அம்மா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "சீட்டு எடுத்த பொறவு போறியே மக்கா, தெய்வம் பொறுக்காதே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெற்ற தாயைத் தாண்டித்தான் அக்கா தெருவில் இறங்கினாள். போகிற வழியிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. அவளை என் மடியில் இறுக்கிப் பிடித்தபடி எந்த வசனமும் நினைவுக்கு வராமல் கடவுளைத் திட்டிக்கொண்டே போனேன். அக்காவும் பிழைத்தாள், குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தையும் பிழைத்தது.

இப்போது தினமும் விடியற்காலையில் என் கைபேசிக்கு, சூரிய உதயப் படம் போட்டு, இனிப்பான வசனம் ஒன்று வருகிறது. சபை ஆட்கள் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் என்னைக் கடிந்துகொள்ளுமா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.

அன்றோ, அக்கா குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமையும் கூட்டம் நடந்தது. நிறுத்துவதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. நாங்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பிரதர் கோபப்படவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அக்கா எடுத்த இரண்டாவது சீட்டைப் பற்றி எங்களிடம் கேட்டறிந்த அம்மா, அதை அவரிடம் சொல்லியிருக்கிறாள். "முன்னே போவேன்னு கர்த்தர் சொன்னாரு, சிஸ்டர் கீழ்ப்படிஞ்சு போனா, உயிரோட திரும்பி வந்துட்டா!" என்று அதே இதமான குரலில் சாட்சி சொன்னார். அறையே ஸ்தோத்திரத்தில் அதிர்ந்தது.

"நான் செத்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அதுக்கும் ஒரு சீட்டு இருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தை எடை தேறவில்லை, அதற்கு ஊசிமருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் போட வேண்டும். வெளியே பிரதர், "பிள்ளைக்கு ஊசி போடலாமான்னு கர்த்தர்ட்ட கேப்போம், அம்மா" என்றார். நான் கதவைத் திறந்தபோது, அம்மா கண்களை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டிருந்தாள்.