அண்ணன் காலுக்கு வந்த சாமி

பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தபோதுதான் அண்ணனுக்கு முதன்முதலாகக் கால் ஆடியது. கோயில் படியில் முன்பாதத்தை வைத்தவனுக்குக் குதிகால் தரையில் பதியாமல் தடதடவென்று நடுங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று ஒருத்தி காலில் விழுந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று குறி கேட்டாள். திருதிருவென்று விழித்தவன், "கிடைக்கும்" என்று சொல்லிவைத்தான். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அப்புறம் சிரிப்பு நின்றது. கால் விறைத்தது, மூத்திரம் அடக்க முடியவில்லை. தள்ளாடுவதைப் பார்த்து, குடித்துவிட்டு வருகிறான் என்று ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாவம், கள் வாசனைகூட அறியாதவன். மதுரையில் டாக்டர், அம்மா வழியாக வரும் நரம்பு வியாதி என்றார். ஆண்களைத்தான் முடக்குமாம். பெண்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதோடு சரியாம். லோடு இறக்கிவிட்டுப் போகிற லாரியா நாங்கள்? எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்யாணம் ஆகாமலே, படுக்கையிலேயே அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

நாற்பது தாண்டியதும் எனக்கும் கால் விறைத்தது. தரையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற எல்லாருக்கும் எழும்போது கால் மரத்துத்தான் இருக்கும். மற்றவர்கள் நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடுவார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

"ஏத்தா, பொண்ணு பாக்க வந்திருக்காகளா? இம்புட்டு மெதுவா நடக்கே!" என்பார்கள்.

நானும் சிரிப்பேன். மத்தியானங்களில் பின்னால் அண்ணன் செருப்பு இழுபடும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். இழுபட்டது என் செருப்பு. அது தெரிந்த பிறகும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

இந்த முறை வேறு டாக்டர். பெண்களுக்கும் வரும், பிந்தி வரும், மெதுவாக வரும் என்றார். என் மகளுக்கும் இது போயிருக்கலாம், பாதிக்குப் பாதி. போயிருந்தால் அவள் பிள்ளைக்கும் அதே பாதிக்குப் பாதி. மகள் அப்போது மாசமாக இருந்தாள். சொல்லியாக வேண்டும். பங்குனிப் பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன், பயந்தாங்கொள்ளி.

மகள்தான் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். படியில் முன்பாதத்தை வைத்தேன். கால் ஆடத் தொடங்கியது. சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். தள்ளிய வயிற்றோடு மகள் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஆத்தா, எனக்கு ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா? சொல்லு தாயி."

ஆண் என்றால் அண்ணன் நினைவுக்கு வந்தான். பெண் என்றால் நான்தான் இதோ நிற்கிறேனே.

"எந்திரி தாயி, சாமி இல்ல. மாமாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஆடுகிற காலை இன்னும் இறுக்கிக்கொண்டு, ஒரு கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள்.