நோகுசோலாவைக் கொண்டுவிட்ட கதை

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று நோகுசோலாவுக்குக் கொடுத்த ஏப்ரனில் ‘சோஃபி’ என்று சிவப்பு நூலால் தைத்திருந்தது. சோஃபி என்பவள் அவளுக்கு முன்னால் அங்கே பாத்திரம் கழுவி, முழங்கால் வலி வந்து வேலையை விட்டு நின்றுவிட்டவள். ஏப்ரன் நல்ல துணி. அதைத் தூக்கிப்போட மேட்ரனுக்கு மனம் வரவில்லை, பெயரையும் தூக்கிப்போடவில்லை. அன்றிலிருந்து அங்கே அவள் சோஃபிதான். அந்த ஏப்ரன் கிழிந்து புதிது வந்தது, அதிலும் சோஃபி. கஞ்சி கேட்கிற கிழவர்கள் சோஃபி என்றார்கள், கிறிஸ்துமஸ் பொட்டலத்தின் மேல் சோஃபி என்று எழுதியிருந்தார்கள். அவள் பெயரில் அப்படி என்ன கரடுமுரடு இருக்கிறது? நோ-கு-சோ-லா. பல் போன வாய்க்கும் வரும். என் வாய்க்கு வருகிறதே.

எங்கள் வால்மர் கறுப்பர் குடியிருப்பில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. அடுத்த தெருவில் அவள் அக்கா தோபேகா. தாய் செத்தபோது நோகுசோலா தவழ்கிற பிள்ளை. தோபேகாதான் முதுகில் கட்டித் தூக்கி வளர்த்தாள். அதன் பிறகு அவளை முதுகிலிருந்து இறக்கியதே இல்லை என்று தெருவில் கேலி பேசுவோம்.

வீட்டுக்கு வந்தவரை வாசலோடு அனுப்புவது எங்களில் இல்லை. எழுந்து கூடவே நடப்போம். “போதும், திரும்பு, அடுப்புல வேலை கிடக்கும் உனக்கு” என்பார் வந்தவர். அப்படிச் சொல்வது அவருக்கு மரியாதை. அதைக் கேட்டதும் திரும்பிவிடுவது நமக்கு மரியாதை இல்லை. அவர் சொல்லச் சொல்ல இன்னும் கொஞ்ச தூரம் போவோம். தோபேகா தங்கையை அவள் வீடு வரை கொண்டுவிடுவாள். பிறகு தங்கை அக்காவைக் கொண்டுவிட வருவாள். மறுபடி அக்கா கிளம்புவாள். டாக்ஸி ஓட்டுகிற வூயிசீலே வேனை நிறுத்தித் தலையை நீட்டி, “மாபேலே, நீங்க ரெண்டு பேரும் நடக்கிற நடைக்கு இந்நேரம் கேப்டவுனே போயிருக்கலாம்!” என்பான். மாபேலே என்பது அந்தச் சகோதரிகளின் குலப்பெயர். மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டிக் கடற்கரையில் அந்தப் பெரிய போட்டி நடக்கும். விடிந்ததும் கடலில் நீந்தி, ஈரம் காயாமல் சைக்கிள் ஏறிப் பகல் முழுக்க மிதித்து, இறங்கிய காலோடு ஓட வேண்டும். ஒரு நாள் முழுக்க உடம்பைப் படுத்துகிறதற்குப் பரிசு ஒரு பதக்கம். ஒரு வருஷம் இல்லத்திலிருந்து ஆட்களைத் தண்ணீர்க் குவளை நீட்ட அனுப்பினார்கள். நோகுசோலாவும் போனாள். முடிகிற இடத்தில் ஒருவன் ஒலிபெருக்கியோடு நின்று, வருகிற ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம். முதலில் வந்தவன், கடைசியில் நொண்டி வந்தவள், எல்லாரையும். போலந்துக்காரன், ஜப்பான்காரி, யாராயிருந்தாலும் திக்காமல் சொன்னானாம்.

மறுநாள் அவள் தோபேகா வீட்டில் சோளமும் பயறும் தின்றுகொண்டே சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

“அக்கா, நான் அதுல ஓடப் போறேன்.”

“எதுல?”

“அந்தப் போட்டியில. என் பேரை அவன் சொல்லணும். கடல் வரைக்கும் கேக்கிற மாதிரி.”

தோபேகா கரண்டியைக் கீழே வைத்தாள். “பேரைச் சொல்லணும்னா நான் சொல்றேன்டி. வாசல்ல நின்னு கத்தறேன். அதுக்காகச் சாகணுமா? உனக்கு நீந்தவே தெரியாதே!”

“கத்துக்குவேன்.”

“வயசு நாப்பதைத் தாண்டிருச்சு.”

“அதனாலதான் இப்பவே.”

கடலோர விளையாட்டுச் சங்கத்தில் இங்கிரிட் என்று ஒருத்தி இருந்தாள், வெள்ளைக்காரி, பள்ளிக்கூட வாத்திச்சி. அவள்தான் நகராட்சிக் குளத்தில் நோகுசோலாவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள், சங்கத்து சைக்கிள் ஒன்றையும் இரவல் வாங்கிக்கொடுத்தாள். முதல் நாளே பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தாளாம். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

குளத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்தது கடல் என்றாள் இங்கிரிட். நாங்கள் புத்தாண்டுக்குக் கடலுக்குப் போவோம், முழங்கால் அளவு நின்று, புட்டியில் தண்ணீர் பிடித்து, வயிற்றைச் சுத்தம் செய்யக் குடித்துவிட்டுத் திரும்புவோம். அதற்கு மேல் கடலோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. தோபேகா துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு முனையைத் தங்கையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றாள். நோகுசோலா கறுப்பு ரப்பர் உடையில் இருந்தாள். வூயிசீலே அதைப் பார்த்துவிட்டு, “ஏன் டயரை மாட்டிக்கிட்டு வந்திருக்கே? பஞ்சர் ஆனா சொல்லு, ஒட்டித் தர்றேன்” என்றான்.

இங்கிரிட் கயிற்றைப் பார்த்தாள். “தோபேகா, அவ அலையைத் தாண்டணும்னா இது ஆகாதே.”

“கயிறு முடியற இடம் வரைக்கும் போகட்டும். அதுக்கு அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கு அவளுக்கு?”

பல வாரம் அப்படியே போனது. ஒரு காலையில் நோகுசோலா தண்ணீருக்குள் போய்த் தானே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். தோபேகா இழுத்தபோது வெறும் கயிறு வந்தது. அவள் போட்ட கூச்சலில் நாய்களோடு நடந்தவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். தங்கை கடலுக்குள் நீண்டிருக்கிற பாலத்தைச் சுற்றிவிட்டு, சிரித்துக்கொண்டே கரையேறினாள். தோபேகா அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு துண்டால் துடைத்துவிட்டாள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தத் தெருவே சேர்ந்துதான் அவளைத் தயாராக்கியது. சனிக்கிழமை அவள் நெடுஞ்சாலையில் சைக்கிள் மிதிக்கும்போது, லாரிகள் அடித்துவிடக் கூடாதென்று வூயிசீலே வேனை அவள் பின்னால் விளக்கு மின்ன மெதுவாக ஓட்டி வருவான். உள்ளே இருக்கிற பயணிகள் முதலில் திட்டினார்கள், பிறகு ஜன்னலைத் திறந்து பாட்டுப் பாடினார்கள். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அவள் துணியைத் துவைத்தார்கள், அவள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். தோபேகா சோளமாவைப் புளிக்கவைத்துக் கூழ் கரைத்துப் புட்டியில் ஊற்றி, அவள் போகிற வழியெல்லாம் காத்து நின்றாள். சங்கத்துப் பெண்கள் காசு கொடுத்து வாங்கிய இனிப்புப் பசையை உறிஞ்சினார்கள். இவள் கூழைக் குடித்துவிட்டு அவர்களை ஏற்றத்தில் முந்தினாள்.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, சர்ச் முடிந்ததும் நோகுசோலா எல்லாரையும் நிறுத்தினாள்.

“ஒரு விஷயம். போட்டி அன்னிக்கு யாரும் என்னைத் தொடக் கூடாது. கையில ஒண்ணும் கொடுக்கக் கூடாது. கூட ஓடி வரக் கூடாது. வந்தா என்னை வெளியே எடுத்துருவாங்க. ஓரமா நின்னு பாடுங்க, போதும்.”

“கூழும் கூடாதா?” என்றாள் தோபேகா.

“கூழும் கூடாது. அவங்க மேஜையில இருக்கிறதைத்தான் குடிக்கணும்.”

“ஒரு வருஷமா நான் கரைச்சதைக் குடிச்சு வளர்ந்த உடம்பு. அன்னிக்கு மட்டும் நான் யாரோவா?”

“அக்கா, விதி அது.”

“சரி சரி, வரலை, வரலை. நிம்மதியா ஓடு” என்றாள் தோபேகா. சொன்ன விதத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, அந்தச் சொல் அவளுக்குள் இறங்கவில்லை. துணைக்கு ஆள் வேண்டாம் என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அதை யார் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள்?

போட்டி நாளில் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. கடல் அவளை மென்று துப்பியது, ஆனால் துப்பியது கரையில்தான். சைக்கிளில் பின்தங்கினாள், துவளவில்லை. பின்மதியம் ஓட ஆரம்பித்தபோது நாங்கள் பாலத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம், ஜெபக்கூட்டத்துச் சிவப்புச் சட்டைகளோடு. அவள் நெஞ்சில் எண்ணும், எண்ணுக்குக் கீழே பெரிய எழுத்தில் பெயரும் கட்டியிருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. வூயிசீலே விரல் வைத்துக் காட்டினான். “அதோ பாட்டி, நோகுசோலாதான். சோஃபி இல்லை.”

கடற்கரைச் சாலையிலேயே திரும்பித் திரும்பி ஓட வேண்டும். முதல் சுற்றில் சிரித்தாள். இரண்டாவதில் சிரிக்கவில்லை. அப்போது தோபேகா சும்மா இருக்காமல் புட்டியோடு இறங்கிக் கூடவே ஓடினாள். கோடு போட்ட சட்டை அணிந்த நடுவர் ஒருவர் சைக்கிளில் வந்து எச்சரித்தார். எங்கள் ஆள்தான், பக்கத்து நியூ பிரைட்டன் குடியிருப்புக்காரர். நோகுசோலா புட்டியைத் தள்ளிவிட்டு, “அக்கா, போ! திரும்பிப் போ!” என்றாள்.

தோபேகா திரும்பி வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: “இந்த நிலைமையிலும் மரியாதையை விடலை பாருங்க.”

பொழுது சாயும் நேரம் அவள் மறுபடி வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தாரில் விழுந்தாள். முட்டியில் ரத்தம். நேரம் இருந்தது, இதைக் கேளுங்கள், நிறைய நேரம் இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்து, காலைத் தேய்த்துவிட்டு, நடந்தே போயிருந்தாலும் கெடு வைத்த நள்ளிரவுக்கு முன்னால் முடித்திருப்பாள். இங்கிரிட் பிறகு சொன்னாள்.

தோபேகா சாலையோரம் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து சிவப்புச் சட்டைகள். ஒருத்தி இந்தப் பக்கம் தோளைப் பிடிக்க, ஒருத்தி அந்தப் பக்கம் இடுப்பைப் பிடிக்க, தூக்கி நிறுத்தினார்கள். மாபேலே, மாபேலே என்று பாடிக்கொண்டே நடத்தினார்கள்.

“வேண்டாம்… விடுங்க… திரும்பிப் போங்க…” நோகுசோலாவுக்குக் குரலே இல்லை.

“போறோம், போறோம். அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்” என்றாள் தோபேகா.

“அக்கா, விடு.”

“அந்த ரோட்டு வளைவு வரைக்கும்டி. அவ்வளவுதான்.”

அவர்கள் யாரும் விதியை மீற நினைக்கவில்லை. கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவளைக் கொண்டுவிடுகிற மாதிரிதான் நடந்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு அன்பு கூடியது. வளைவுக்கு முன்னால் நடுவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார்.

“மன்னிக்கணும் மாபேலே. முடிஞ்சது.”

“என்ன முடிஞ்சது? இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே!” என்றாள் தோபேகா.

“தூக்கி நடத்தினீங்க அம்மா. இனி அவங்க ஓடக் கூடாது.”

“விழுந்தவளைத் தூக்கினா தப்பா? உன்னைப் பெத்தவ ரோட்டுல விழுந்தா பார்த்துக்கிட்டு நிப்பியா?”

அந்த மனிதர் தலை குனிந்துகொண்டார். “எங்க வீட்டிலயும் கொண்டுவிடுவோம் அம்மா. எனக்குத் தெரியாதா? எங்க அம்மாவே ஓடியிருந்தாலும் நான் இதையேதான் செய்யணும்.” நேரம் கணக்கிட அவள் கணுக்காலில் கட்டியிருந்த பட்டையை அவிழ்க்கக் குனிந்தார். நோகுசோலா அவரைத் தடுத்துத் தானே அவிழ்த்துக் கொடுத்தாள்.

பாட்டு நின்றது. அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். ஓட வேண்டிய சுற்று பாக்கி இருந்தாலும் முடிகிற இடம் அங்கிருந்து தூரமில்லை. காற்று எங்கள் பக்கம் வீசியது. ஒலிபெருக்கிக்காரன் பெயர் பெயராகச் சொல்வது கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தோபேகாதான் பொறுக்க மாட்டாமல் எழுந்து, கைகளை வாயருகே குவித்து, “நோகுசோலா! மாபேலே வீட்டுப் பொண்ணு நோகுசோலா!” என்று கத்தினாள். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ கத்தறதை நான் கேட்டதே இல்லையா அக்கா?” என்றாள் நோகுசோலா.

எழுந்து ரத்தக்காலோடு நடந்தாள். வூயிசீலே வேன் கதவைத் திறந்தான், அவள் ஏறவில்லை. தோபேகா கூடவே நடந்தாள்.

“திரும்பிப் போ.”

தோபேகா நடந்தாள்.

நோகுசோலா நின்று, திரும்பி, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். “நான் நிஜமாத்தான் சொல்றேன். எப்பவுமே நிஜமாத்தான் சொன்னேன்.”

தோபேகா நின்றுவிட்டாள். எங்கள் ஆட்களில் அப்படி ஒருத்தி துணையில்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை மேட்ரன், “ஓடி முடிச்சியா சோஃபி?” என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். “பரவாயில்லை சோஃபி, கலந்துக்கிட்டியே” என்றாராம்.

அடுத்த வருஷம் அவள் மறுபடி ஓடினாள், பெயர் கேட்டது என்று முடித்தால் நன்றாயிருக்கும் என்கிறாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள். நடக்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? இங்கிரிட் வீடு தேடி வந்து கெஞ்சினாள். நோகுசோலா சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். “மறுபடி பழகணும்னா மறுபடி இவங்க எல்லாரும் வேணும். என்னால முடியாது” என்றாள். விதி போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். விழுந்தவளைத் தூக்குகிற கையைக் குற்றம் என்கிற விதி எனக்கு வேண்டாம். ஆனால் அவள் அந்த விதியைத் தெரிந்துதான் போனாள், தனியாக எழுந்து நிற்கத்தான் போனாள். அதையும் மறைக்க மாட்டேன்.

அக்கா தங்கை பேசிக்கொள்ளாமல் இல்லை. ஞாயிறு தோறும் நோகுசோலா போய்ச் சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவிக் கொடுக்கிறாள். பிறகு, “வரேன் அக்கா” என்று எழுகிறாள். தோபேகா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “சரி, போய்ட்டு வா” என்கிறாள். எங்களில் அப்படி வழியனுப்புவது போலீஸ்காரனைத்தான். தங்கை தெருமுனையில் திரும்பும்வரை தோபேகாவின் கால் தரையில் தேய்ந்துகொண்டே இருக்கும். எழுந்திருக்க மாட்டாள்.