சிவப்பு விளக்கு எரிந்தும் ஓடிய பெல்ட்

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் பெட்டிகளைத் தள்ளும் பெல்ட், அங்கே வேலை பார்த்த தம்புசாமியின் வலது கையை முழங்கைவரை இழுத்து நொறுக்கியது. அவர் அலறிய அலறலில் லோரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். பெட்டியெல்லாம் இரத்தம்.

அந்தப் பெல்ட்டை ஓட்டும் புரோகிராமை எழுதியவன் ரியாஸ். கீழக்கரைக்காரன், வெளிநாட்டு வேலை பெர்மிட்டில் வந்து பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவன். சென்னையில் ஐந்து வருடம் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிப் பழகிய கை. அதில் மெஷினுக்குள் இருக்கும் ஒன்றைப் பெயர் சொன்னால் போதும்; மெஷினுடையதுதான் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். இங்கே எழுதும் பைத்தான் மொழியோ கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு முறையும் முன்னால் ‘செல்ஃப்’ போட்டு, இது என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே பெயரில் வேறொன்றை உண்டாக்கி, உடனே தூக்கி எறிந்துவிடும். பழக்க தோஷம் யாரை விட்டது? விபத்துக்கு முந்தின நாள், ஸ்டாப் பட்டனுக்காக ரியாஸ் மாற்றிய வரியில் அந்தச் சொல் இல்லை. சோதித்தும் பார்க்கவில்லை, சோம்பேறி.

அன்று பெட்டி சிக்கிப் பெல்ட் நின்றதும், தம்புசாமி ஸ்டாப் பட்டனை அமுக்கினார். பட்டனோடு நேராக இணைந்த சிவப்பு விளக்கு எரிந்தது. சிக்கிக் கிடந்த பெட்டியைக் கைவிட்டு இழுத்தார். சிக்கல் விலகியதுதான் தாமதம், தன்னை நிறுத்தியதே தெரியாத மெஷின் ஓடத் தொடங்கியது.

தம்புசாமி பட்டனையே அமுக்கவில்லை என்று ரியாஸின் மேனேஜர் சுகுமாறன் அறிக்கை எழுதிவிட்டு, ரியாஸை எச்சரித்தார்.

“நீ வாய மூடிக்கிட்டு இரு லா. பெர்மிட் போச்சுன்னா ஊருக்குத்தான் போகணும்.”

தன் தப்பு தெரிந்தும் ரியாஸ் மூடிக்கொண்டான். வெட்கங்கெட்ட பயம்.

மூன்றாம் நாள், தம்புசாமியின் தம்பி ஜீவன் இரும்புக் குழாயோடு ஆபீஸுக்குள் நுழைந்தான். முதல் அடியிலேயே சுகுமாறனின் தோள்பட்டை முறிந்தது. அவர் தரையில் புரண்டார்.

“எங்கண்ணன் பட்டன அமுக்கலையா? சொல்லுடா!”

குழாய் மறுபடி மண்டைக்கு ஓங்கியது. ரியாஸ் குறுக்கே பாய்ந்தான்.

“அமுக்கினாருண்ணே! நான்தான் தப்பா எழுதிட்டேன்!”

குழாய் அவன் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து, இரண்டு பற்கள் தரையில் விழுந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் ஜீவன் விலங்கோடு பெஞ்சில் இருந்தான். அடித்தது யார் என்று போலீஸ்காரர் கேட்டார். வாய் வீங்கிய ரியாஸ் பேனாவை வாங்கினான். தம்புசாமி பட்டனை அமுக்கினார் என்று முதலில் எழுதினான். பிறகு மெஷின் ஏன் நிற்கவில்லை என்பதை எழுதி, கீழே தன் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் போட்டான். அடித்தவனின் பெயர் அதில் எங்கும் இல்லை.

எட்டிப் பார்த்த ஜீவன், விலங்கு மாட்டிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.