இரண்டு கையையும் விட்டு

அம்மா ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கோடை விடுமுறையில், கே.கே. நகரில் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியாமல் போனது எனக்குத்தான். அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். சித்தி புது வண்டி வாங்கியதும் பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டாள்.

“கத்துக்கிட்டு எங்க போகப்போற?” என்றார் அப்பா.

“ஸ்ரீரங்கம் வரைக்கும் நானே ஓட்டிக்கிட்டுப் போகணுங்க.”

“நான்தான் கூட்டிட்டுப் போறேனே!”

“அது வேறங்க” என்றாள் அம்மா. எப்படி வேறு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வண்டி ஓட்ட அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. வேடிக்கை பார்ப்பதை விடத்தான் வரவில்லை. தெருமுனைப் பிள்ளையாரைக் கண்டால் இடது கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வண்டி ஓர் ஆட்டம் ஆடி நிமிரும். யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தி, “எத்தனை மாடிங்க வருது?” என்று கொத்தனாரிடம் விசாரிப்பாள். அதுவும் என் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்துக்கு எதிரில் வரும்போதுதான் அவளுக்கு உலகத்துச் சந்தேகமெல்லாம் வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா எழுந்திருப்பதற்கு முன்பே இருவரும் கிளம்பினோம். சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒருவர் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா நிறுத்திவிட்டாள். பழம் வாங்கவில்லை. எந்த ஊர்ப் பழம் என்று கேட்டாள். பச்சைமலை என்றார் அவர்.

“அங்க ஸ்கூட்டியில ஏற முடியுமாங்க?”

அவர் அம்மாவையும் வண்டியையும் பார்த்தார். “முதல்ல இந்த டவுனைத் தாண்டுங்கக்கா” என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

காவிரிப் பாலத்தை நல்லபடியாகக் கடந்தோம். ஸ்ரீரங்கத்து ‘அம்மா மண்டபம்’ சாலையில் திரும்பியதும் அவள் திடீரென்று, “அய்யோ, பாருடி! நேரா வருதுடி!” என்று கத்தினாள். அவள் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரிதான் வருகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வந்தது லாரி இல்லை, ராஜகோபுரம். சாலையின் முடிவில் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கோபுரத்தைக் கண்டதும் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டாள்.

வண்டி தன் பாட்டுக்கு ஓரமாகப் போய்த் துளசி மாலை விற்கும் அம்மாளின் கூடையில் ஏறிச் சாய்ந்தது. நல்லவேளை, அம்மாவின் முழங்கை சிராய்த்ததோடு சரி.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“கோபுரத்தைப் பாத்தேங்க” என்றாள் அம்மா. தலையெல்லாம் துளசி. “எத்தனையோ தடவை வந்திருக்கேன். இப்படி நேரா வந்து நிக்கும்னு தெரியாதுங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் கூட்டத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, பட்டுப்பாவாடையும் கையில் தேங்காயுமாக, தன் அப்பா அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. “வாம்மா, போலாம் வாம்மா” என்று முந்தானையை இழுத்தேன். அம்மாவோ வலியை மறந்து இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகவல் தெரிந்து அப்பா பைக்கில் வந்தார். துளசிக்காரம்மாவைச் சமாதானப்படுத்தினார். முகப்பு நசுங்கிய ஸ்கூட்டியை ஒரு மெக்கானிக் கடையில் விட்டார்.

“இனிமே அதைத் தொடாத. வித்துடலாம்” என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது.

என்னை முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்காரவைத்தார் அப்பா. அம்மா பின்னால், எப்போதும் போல, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு ஏறிக்கொண்டாள். பாலத்தின் நடுவில் அப்பாவின் தோளுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

“முன்னாடி என்னடி தெரியுது?”

பட்டுப்பாவாடைக்காரி பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள் என்ற ஆத்திரம் எனக்கு. “ஒண்ணும் தெரியல” என்றேன்.

எனக்கு முன்னால் பாலம் முழுவதும் திறந்து கிடந்தது. அக்கரையில் மலைக்கோட்டை வெயிலில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வருகிறவள் இதை எதற்குக் கேட்கிறாள் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அவள் மறுபடியும் கேட்கவில்லை.